மிச்சத் துணி

"மூணு மீட்டர் கொடுத்தேன். இந்தப் பொடிசோட கவுனுக்கு ரெண்டே தாராளம். மிச்சத் துணி எங்கே?"

தையல்காரர் வேறொருவர் சட்டைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். வாயில் வரிசையாகக் குண்டூசிகள். உதட்டைத் திறந்தால் அத்தனையும் கொட்டிவிடும். பல்லிடுக்கில் நசுங்கிக்கொண்டு பதில் வந்தது.

"ம்... எல்லாம் கவுன்லயே போயிடுச்சும்மா."

"போகும், போகும். ஏன் போகாது?"

கவுனைப் போட்டுத் தரப் பை தேடி அவர் முதுகைக் காட்டினார். மேசையில் அவருடைய பெரிய கத்தரிக்கோல் பளபளவென்று கிடந்தது. அவளுடைய கைப்பை வாயைப் பிளந்தது, கபக்கென்று மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உதட்டை இறுக்கி, கண்ணை உருட்டி, மூக்காலேயே பேசிக் காட்டினாள்:

"ம்... எல்லாம் கவுன்லயே போயிடுச்சும்மா."

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். கைப்பைக்குள்ளிருந்து கத்தரி வெளியே வந்ததும் கப்சிப்.

"இது ஏது?"

"அவரோடதுதான். என் துணி அங்கே, அவர் கத்தரி இங்கே. சரிக்குச் சரி."

"அடிப்பாவி! அந்த மனுஷன் இனி எதை வெச்சுத் துணி வெட்டுவார்?"

"வெட்டினாத்தானே சுருட்டுவார்? ஊருக்கே உபகாரம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"இதுக்குப் பேரு திருட்டு."

"திருடன்கிட்டேர்ந்து எடுத்தா அது திருட்டு இல்லங்க, தண்டனை!"

மகள் கவுனை மாட்டிக்கொண்டு குதித்து வந்தாள்.

"அம்மா, கீழ ஒரே கனமா இருக்கு. முட்டியில இடிக்குது."

"பார்த்தீங்களா? துணியை அமுக்கிட்டு உள்ளே கண்ட குப்பையையும் அடைச்சிருக்கார். இருங்க, இப்பவே அவர் சாயம் வெளுத்துடும்."

மகளை நிற்கவைத்து, அந்தக் கத்தரியாலேயே விளிம்புத் தையலைப் பிரித்தாள். கவுன் சடக்கென்று ஒரு சாண் இறங்கியது. உள்ளே இன்னொரு மடிப்பு. அதையும் பிரித்தாள். மகளின் கணுக்கால் மறைந்தது.

குப்பையைக் காணோம். அத்தனையும் அதே நீலம், அதே வெள்ளைப் பூ.

"ஹை! நான் பெரிய பொண்ணு!" என்று மகள் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

போன் அடித்தது. தையல்காரர்.

"அம்மா, வாயில ஊசி இருந்துச்சா, அப்போ விவரமாச் சொல்ல முடியல. உங்க துணியில ஒரு துண்டுகூட வீணாக்கல. மிச்சத்தை உள்ளேயே மடிச்சு மடிச்சுத் தைச்சிருக்கேன். பாப்பா வளர வளர ஒவ்வொரு மடிப்பாப் பிரிச்சு விடுங்க. சீக்கிரத்துல புதுக் கவுன் எடுக்கற செலவே வராது."

அவள் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தாள். உதட்டைப் பிரிக்காமல் மூக்காலேயே சொன்னாள்:

"ம்..."

"பிரிக்க என்கிட்ட கொண்டுவாங்கன்னு சொல்லியிருப்பேன். என்னோட கத்தரியைத்தான் கொஞ்ச நேரமாக் காணோம். உங்க வீட்டுல கத்தரி இருக்குல்லம்மா?"