கண்ணாடி உடைந்த சத்தம்

கார் கண்ணாடி நொறுங்கின சத்தம் கேட்டதும் அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துகொண்டது.

"எவனோ என் கார் கண்ணாடியை உடைச்சுட்டான். வந்து பாருங்க, எல்லாரும் வந்து பாருங்க" என்று கீழே நின்று கத்திக்கொண்டிருந்தாள் கார்க்காரம்மா.

எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கார் என்னவோ அடிமாட்டு விலைக்கு வாங்கினதுதான். ஆனால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தினமும் துடைப்பாள். பிள்ளைகள் விளையாடும்போது பந்து அதன்மேல் பட்டால், பந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

பால்கனி முழுக்கத் தலைகள்.

"சிவப்புச் சட்டை போட்டிருந்தான். உடைச்சுட்டு நம்ம படியிலதான் மேல ஓடினான்" என்றாள் கார்க்காரம்மா.

முதல் மாடி டெய்லரக்கா பக்கத்து வீட்டுக்காரியின் காதைக் கடித்தாள்.

"காலையில இருந்து மூணாவது மாடியில அந்தப் பொண்ணு அடி தாங்காம அலறுது. இவளுக்குக் கண்ணாடிதான் பெருசாப் போச்சு. இவல்லாம் ஒரு பொம்பளையா?"

"நீங்க போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா?"

"எனக்கெதுக்குடி வம்பு? புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். கேக்கச் சகிக்கல, டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன். வேற என்ன பண்றது?"

மூணாவது மாடியில் இப்போது சத்தம் இல்லை. நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

குடியிருப்புச் சங்கத் தலைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார்.

"போலீசுக்கெல்லாம் போக வேண்டாம்மா. இத்தனை வருஷத்துல நம்ம கட்டடத்துல ஒரு குற்றம் நடந்தது கிடையாது. அந்தப் பேரைக் கெடுக்கணுமா?"

"கூப்பிட்டாச்சு, சார். கிளம்பிட்டாங்களாம்."

அவர் முகம் சுண்டிப்போனது. அதற்குள் ஆம்பிளைகள் ஆளுக்கொரு கம்பும் துடைப்பக்கட்டையுமாகப் படியில் காவல் நின்றுவிட்டார்கள். இத்தனை வீரர்கள் இங்கே குடியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள்.

"எந்தப் பக்கம் ஓடினான்?" என்றார் மூத்தவர்.

"மூணாவது மாடி, இடது பக்க வீடு. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். நான் கண்ணால பார்த்தேன்."

"அடிப்பாவி" என்று முணுமுணுத்தாள் டெய்லரக்கா. "அந்தப் பொண்ணு படற பாடு பத்தாதுன்னு, அது வீட்டுக்கே போலீசை அனுப்பறா பாரு."

கதவைத் தட்டினார்கள். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண்ணின் புருஷன் பாதிக் கதவைத் திறந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. எல்லாருக்கும் வணக்கம் சொல்கிற, லிஃப்டில் வழிவிடுகிற நல்ல பிள்ளை என்று பேர் வாங்கினவன்.

"இங்க யாரும் வரலை, சார். வொய்ஃப் தூங்கிட்டிருக்கா."

"ஒதுங்குங்க. உள்ள குற்றவாளி இருக்கான்னு தகவல்."

தள்ளிக்கொண்டு நுழைந்தார்கள்.

சமையலறைத் தரையில் அவள் கிடந்தாள். தலையில் இருந்து வழிந்த ரத்தம் நிலைப்படி வரைக்கும் வந்திருந்தது. மூச்சு மட்டும் லேசாக இருந்தது.

இளைய போலீஸ்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி வந்தார். கம்போடு நின்றவர்கள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். டெய்லரக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீப் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

மூத்தவர் அந்த நல்ல பிள்ளையைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்து உட்கார வைத்தார்.

"நாங்க வந்தது நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா உயிர் போயிருக்கும்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, உங்க சிவப்புச் சட்டைக்காரன் அங்க இல்லையே?"

கார்க்காரம்மா கீழே உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்படி ஒருத்தன் கிடையாது, சார். டிக்கியில இருந்த ஸ்பேனரை எடுத்து நான்தான் அடிச்சேன்."

"என்னது?"

"காலையில இருந்து உங்க ஸ்டேஷனுக்குப் போன் மேல போன் போடறேன். ஒரு பொண்ணை அடிச்சுக் கொல்றான்னேன். குடும்ப விஷயம், அவங்களே பேசித் தீர்த்துப்பாங்கன்னு சொல்லிப் போனை வச்சுட்டீங்க. கடைசியில அவ குரலே நின்னு போச்சு. அப்பவும் இங்க ஒரு கதவு திறக்கலை." அவள் தலையைத் தூக்கி பால்கனிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். "கண்ணாடி உடைஞ்சுதுன்னேன். நீங்களும் வந்தீங்க, இவங்களும் வந்தாங்க."

பால்கனியில் ஒவ்வொரு தலையாக உள்ளே போனது. சங்கத் தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போலீஸ்காரரின் முகம் இறுகியது.

"பொய்ப் புகார் கொடுக்கறது குற்றம். தெரியும்ல?"

"தெரியும், சார். அதையாவது குற்றம்னு எழுதிக்கோங்க."