வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

துணி மடித்து வைத்துவிட்டு அம்மா அறையிலிருந்து வெளியே வரப் பார்த்தாள். கதவு வெளிப்பக்கம் தாழிடப்பட்டிருந்தது.

"கண்ணு, கதவைத் திற."

தாழ்ப்பாள் அசையவில்லை. வெளியே தனியாக இருப்பவள், முப்பது வயதிலும் எதையும் மெதுவாகவே புரிந்துகொள்ளும் மகள். அடுப்பில் பால் வேறு. தட்டித் தட்டிக் கை சிவந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது.

"அடுப்பை அணைச்சுட்டேம்மா. பயந்துட்டியா?"

"உயிரே போயிடுச்சு. எதுக்குடி இப்படிப் பண்ணே?"

"நாடக வகுப்புல உரிமைன்னா என்னன்னு சொல்லிக் குடுக்குறாங்கல்ல? ஆள் மாத்தி நடிச்சாப் புரியுமாம். நான் அம்மாவா நடிச்சேன்."

"நான் எப்போடி உன்னை இப்படி..." அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"நீ கடைக்குப் போறப்போ என்னை உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தானே போவே? நான் தட்டுறது உனக்குக் கேக்காது," என்றாள் மகள். "நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு. அதான் திறந்துட்டேன்."