யார் பேர்ல?

"நம்ம சமையல்கூடத்த கம்பெனியாத்தான் பதியணும். அதுவும் என் பேர் மட்டும் இருந்தா போதும்," என்றாள் அக்னஸ்.

புனிதாவுக்குச் சுருக்கென்றது. பெம்பான் ஊரில் அந்தச் சமையல்கூடத்தை ஆரம்பித்தவள் அக்னஸ்தான். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, வேலையில்லாமல் நின்ற பெண்களையெல்லாம் கூப்பிட்டு அடுப்படியில் நிறுத்தியவள். இன்று பத்து பெரண்டாம் என்ற ஊரின் பேக்டரிகளுக்கு மதியச் சாப்பாடு இங்கிருந்துதான் போகிறது. அதற்காக, மொத்தமும் அவளுக்கே சொந்தமா?

"என்னாக்கா இது? எல்லாரும் சேந்துதானே அடுப்புல வேகுறோம்? கூட்டுறவா பதிவோம். ஆளுக்கொரு பங்கு, ஆளுக்கொரு ஓட்டு. யாரும் முதலாளி இல்ல, யாரும் கூலி இல்ல."

"வேணாம் புனிதா. வர்ற லாபத்த இப்ப எப்படிப் பிரிச்சிக்கிறோமோ, அப்படியே பிரிச்சிக்கலாம். சொன்னா கேளு லா."

"அப்ப பேர் மட்டும் ஏன் உங்களுது? காரணத்த சொல்லுங்க."

அக்னஸ் வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

புனிதா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? நம்ம முதுகுல ஏறி முதலாளி ஆகப் பாக்குறாங்க. கூட்டுறவு வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க!"

எல்லாரும் தூக்கினார்கள். அதிகம் பேசாமல் பாத்திரம் கழுவும் ஜெயமணிகூட.

அக்னஸ் இடுப்புச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நல்லா நடத்துங்க," என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் காலை புனிதா உற்சாகமாக, பதிவுக்கு எல்லாரிடமும் ஐ.சி. அடையாள அட்டையை வாங்கினாள். ஜெயமணி மட்டும் தரவில்லை. கழுவிய குண்டானையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னா ஜெயா, ஐ.சி.ய வீட்டுல வச்சிட்டியா?"

"நான் சேரலக்கா. சம்பளத்துக்கே இருந்துக்கிறேன்."

"பைத்தியமா நீ? ஒன்ன மாதிரி ஆளுக்காகத்தானே அவங்ககூட சண்ட போட்டேன்?"

ஜெயமணி குழாயை மூடினாள்.

"என்னுது சிவப்பு ஐ.சி.க்கா. பொறந்தது இந்த நாட்டுத் தோட்டத்துலதான். மனு போட்டுப் போட்டு ஓஞ்சிட்டேன், குடியுரிமை கெடைக்கல. அது இல்லாதவங்கள கூட்டுறவுல சேக்க மாட்டாங்களாம்."

புனிதா கையிலிருந்த ஐ.சி.களைக் கீழே வைத்தாள். "அப்ப நேத்து ஏன் கை தூக்குன?"

"நான் மட்டும் தூக்கலன்னா, ஏன்னு கேப்பீங்களேக்கா."

"அக்னஸ் அக்காவுக்கு இது தெரியுமா?"

"அவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். வெளிய சொல்லிடாதீங்கன்னு நாந்தான் கால்ல விழுந்தேன். அதுக்கு அவங்க, 'எல்லார் பேரும் இருந்து, ஒன் பேர் மட்டும் இல்லாமப் போவக் கூடாது. என் பேர் ஒண்ணே இருக்கட்டும். சுயநலக்காரின்னு என்னைய ஏசுனா ஏசிட்டுப் போறாங்க'ன்னாங்க."