மூன்று வாரத் தண்டனை

மூன்று வாரமாகப் பிரியா பள்ளி விட்டு வீட்டுக்கு வர மணி ஐந்தாகிவிடுகிறது. கேட்டால் ஒரே பதில்தான்.

"டீச்சர் தண்டனை குடுத்திருக்காங்கம்மா."

என்னடி தப்பு செய்தாய் என்றால் வாயைத் திறக்கமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள்.

முதல் வாரம் புனிதா மகளைத்தான் திட்டித் தீர்த்தாள். டீச்சர் தண்டித்தால் காரணமில்லாமலா இருக்கும்? போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அவள் வீட்டுக்காரர் சுகுமாறனும் அதையேதான் சொன்னார். வாத்தியார் தண்டனை கொடுத்தால் பெற்றவர்கள் நடுவில் போய் நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

நேற்று பாசாரில் காய்கறி வாங்கப் போன புனிதா, பிரியாவோடு பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கும் வாணியைப் பார்த்தாள். பிரியா அப்படி என்னதான் செய்துவிட்டாள் என்று கேட்டதற்கு அந்தப் பெண் முழித்தது.

"பிரியாவா? அவ ஒன்னுமே செய்யலையே ஆன்டி. கிளாஸ்லயே நல்ல பிள்ளை அவதான்."

புனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் செய்யாத பிள்ளைக்கா இத்தனை நாள் தண்டனை? இல்லாத வீட்டுப் பெண்தானே, கேட்க நாதியில்லை என்ற நினைப்பா? அதுவும் எந்த நேரத்தில்! தீபாவளி முறுக்கு ஆர்டர் மலையாகக் குவிந்து கிடக்கிறது. பிழிய ஒரு ஆள், பொட்டலம் கட்ட ஒரு ஆள் வேண்டாமா? ஒண்டியாக அடுப்பில் கிடந்து வேகிறவள் இவளா, அந்த டீச்சரா?

இன்று மத்தியானம் மாவுக் கையைக் கழுவிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு போனாள். கிள்ளானில் அன்றைக்கென்று எல்லாச் சிக்னலும் சிவப்பாகவே இருந்து தொலைத்தது.

பள்ளியில், தண்டனை கொடுத்த புஷ்பவல்லி டீச்சர் கேன்டீன் பக்கமிருந்து கையில் ஒரு மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தார். புனிதா வராந்தாவிலேயே மறித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு எதையாவது திருடுனாளா? யாரையாவது அடிச்சாளா? சொல்லுங்க டீச்சர். மூனு வாரமா வயசுப் பிள்ளைய அடைச்சு வச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

டீச்சர் பொட்டலத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அதுவே புனிதாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கல்வி இலாகா வரைக்கும் போவேன், பத்திரிகைக்காரனைக் கூட்டிக்கொண்டு வருவேன், உங்கள் வேலைக்கே உலை வைப்பேன் என்று மூச்சு வாங்கும்வரை கத்தினாள். அந்தப் பக்கம் போன இரண்டு ஆசிரியர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு டீச்சர், "உள்ள வாங்கம்மா" என்று பக்கத்து வகுப்பறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே பிரியா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மேசை முழுக்கப் பழைய எஸ்பிஎம் அரசுத் தேர்வுக் கேள்வித்தாள்கள். பலகை நிறைய டீச்சர் எழுதிப்போட்ட கணக்கு. அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்து எழுந்து நின்றாள்.

"இன்னும் ரெண்டு கணக்குதான்மா. முடிச்சிட்டு ஓடி வந்துடுறேன்."

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார்.

புனிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏறிய குரல் இறங்க மறுத்தது.

"இதுக்குப் பேரா தண்டனை? பாடம் சொல்லிக் குடுக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? பெத்தவ நான் லா."

டீச்சர் அவளை வராந்தாவுக்கு அழைத்து வந்து, பிள்ளையின் காதில் விழாதபடி கதவைச் சாத்தினார்.

"சொன்னேன்மா. ரெண்டு தடவை போன் பண்ணி, பிரியாவுக்குப் பள்ளி விட்டதும் கணக்குச் சொல்லித் தரேன், அனுப்புங்கன்னு கேட்டேன். வீட்டுல வேலை கெடக்கு, பொம்பளப் பிள்ளை படிச்சது போதும்னு போனை வச்சிட்டீங்க. தண்டனைன்னு சொன்ன பிறகு நீங்க ஒரு நாள்கூடத் தடுக்கல."