பின்தெருவின் எடை

"மாவை யாருக்கு வித்தீங்க?"

எடை பார்க்கும் பெண் நேராகவே கேட்டுவிட்டாள். டெய்லர் அக்கா தையல் மிஷினை நிறுத்தவில்லை.

"உக்காரு தங்கச்சி. மூச்சு வாங்குது பாரு."

"உக்கார வரலைக்கா. ஒரு டப்பா சத்துமாவு ஒரு குழந்தைக்கு முப்பது நாள் வரணும். இன்னிக்குப் பதினஞ்சாம் நாள். முன்தெருவுல எந்த வீட்டுக்குப் போனாலும் டப்பாவைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு."

"கழுவாம வெச்சா எறும்பு வரும்."

"விளையாடாதீங்கக்கா."

அக்கா விளையாடவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முறுக்கி ஊசியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே அறையில்தான் இரண்டு தெருத் தாய்மார்களையும் உட்கார வைத்து எடை பார்க்கும் பெண் விளக்கினாள். முன்தெருப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு டப்பா மாவு. பின்தெருப் பிள்ளைகளுக்கு மாவு கிடையாது, எடை மட்டும் பார்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் மாவு வேலை செய்கிறதா என்று தெரியும். வேலை செய்தால் இரண்டு தெருவுக்கும் நிரந்தரமாக வரும்.

"அதுவரைக்கும் பின்தெருப் புள்ளைங்க வயிறு பொறுத்துக்குமா?" என்று அன்றைக்குக் கேட்டது டெய்லர் அக்காதான். தெருக்காரர்கள் சார்பில் ஆராய்ச்சிக்காரர்களிடம் பேச அவளைத்தான் எல்லோரும் சேர்ந்து நிறுத்தியிருந்தார்கள்.

"ஆறே மாசம்க்கா. நடுவுல கலந்துட்டா ஆராய்ச்சியே கெட்டுடும். அப்புறம் என் வேலையும் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்து வைத்தாள். ஆனால் சொன்னது நிஜம். வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான். அப்பாவின் மருந்தும் தம்பியின் படிப்பும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன.

இப்போது சிரிக்கிற நிலையில் இல்லை.

"மத்த இடத்துல இதே மாவு சாப்பிட்ட புள்ளைங்க ஆறு மாசத்துல ஒண்ணேகால் கிலோ ஏறியிருக்கு, சாப்பிடாத புள்ளைங்க நானூறு கிராம். இங்க எண்ணூறு கிராம். பெத்த புள்ளை வாயிலருந்து புடுங்கி விக்க எப்படிக்கா மனசு வந்துச்சு?"

மிஷின் நின்றது. அக்காவின் மூன்று வயது மகன் வெட்டுத்துணிக் குவியல்மேல் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டு கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழைந்துவிடும் போலிருந்தது.

"எழுதிக்கோ" என்றாள் அக்கா. "வித்துட்டோம்னே எழுதிக்கோ."

எழுதினாள்.

மத்தியானம் அலுவலகத்தில், ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"முன்தெரு சராசரி எண்ணூறு கிராம். பின்தெரு எழுநூத்தித் தொண்ணூறு. வித்தியாசமே இல்லையேம்மா."

"மாவை வித்திருக்காங்க சார். குறிப்புல எழுதியிருக்கேன்."

"வித்தாங்களோ, கொட்டினாங்களோ. குடுத்த தெருவும் குடுக்காத தெருவும் ஒண்ணா நிக்குது. இதைக் காட்டி நான் யார்கிட்ட போய் மாவுக்குப் பணம் கேக்கறது?" கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அறிக்கையை இன்னிக்கே மேல அனுப்பிடறேன். மாவு இந்த மாசத்தோட சரி."

நல்ல மனிதர்தான். முகம் வாடித்தான் சொன்னார். ஆனால் ஒரு பிடி மாவுகூடக் கொடுக்காத பின்தெருப் பிள்ளைகள் எதைச் சாப்பிட்டு எழுநூற்றுத் தொண்ணூறு கிராம் ஏறினார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, பின்தெருவில் மாட்டியிருந்த எடைத் தராசைக் கழற்றப் போனாள். வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகும் ஓர் அம்மா, இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"மாவு நின்னுடுச்சாமே?"

"ஆமாம்மா. உங்களுக்கு என்ன? உங்க தெருவுக்குத்தான் வரவே இல்லையே."

அந்த அம்மா உள்ளே போய் ஒரு தூக்குவாளியோடு திரும்பினாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மாவு. அதே மாவு. வாளியின் வெளிப்பக்கம், தையல்காரர்கள் துணியில் போடும் நீலச் சாக்பீஸால் ஓர் அளவுக்கோடு.

"மாவே நின்னாச்சு, இனி மறைச்சு என்ன? பாதி டப்பா அவங்களுக்கு, பாதி எங்களுக்கு. மொத மாசத்துலருந்தே இப்படித்தான். முன்தெருவுல ஒரு வீடு, பின்தெருவுல ஒரு வீடுன்னு டெய்லர் அக்கா ஜோடி போட்டு விட்டுச்சு. ஒரே குழாய்ல தண்ணி புடிக்கிறோம். எங்க புள்ளை வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறப்போ தன் புள்ளைக்கு ஊட்ட அவங்களுக்குக் கை வரலையாம்."

எடை பார்க்கும் பெண் அங்கிருந்தே பேராசிரியரை ஃபோனில் கூப்பிட்டாள்.

"சார், மாவு வேலை செஞ்சிருக்கு சார். ரெண்டு தெருவும் பாதிப் பாதி சாப்பிட்டிருக்கு. அதான் ரெண்டும் ஒரே மாதிரி ஏறியிருக்கு."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்போ ஒப்பிட்டுப் பாக்கத் தெருவே இல்லையேம்மா. மொத்தப் பதிவும் செல்லாதுன்னு ஆயிடும். அதுவும் அறிக்கை நேத்தே போயிடுச்சு. நீ எழுதின குறிப்போட."

இடுப்பிலிருந்த குழந்தை தராசின் கொக்கியைப் பிடித்து இழுத்தது. எடை பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டது போல.

"யாராவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. அந்த அக்காவைத் திருடின்னு எழுதிக் குடுத்துட்டேனே."

அந்த அம்மா வாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"நேத்து சாயங்காலம் சொல்லிடலாம்னுதான் எல்லாரும் கிளம்பினோம். டெய்லர் அக்காதான் விடலை. 'கலந்தது தெரிஞ்சா அந்தப் பொண்ணு வேலை போயிடும். ஒத்தை ஆளா ஒரு வீட்டுக்கே சோறு போடுது. நம்மளைத் திருடின்னு எழுதினா எழுதிட்டுப் போகட்டும்'னுச்சு."