மில்வாக்கியில் பார்க்க வேண்டியவை

“குளம் எண்டுதான் சொல்லுறாங்கள். நம்பாதையுங்கோ. அது கடல்,” என்று சிறிதரன் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நோபல் பார்க் வீட்டின் முன்னறையில் அருந்தவனும் அவன் மனைவி கிரிஜாவும் தேத்தண்ணியோடு இருந்தார்கள். அடுத்த மாதம் சிக்காகோவில் ஒரு கல்யாணம். பக்கத்து ஊரான மில்வாக்கியில் இரண்டு நாள் நிற்கப் போகிறார்கள். எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று கேட்க வந்திருந்தார்கள்.

டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற சிறிதரனிடம் இதைவிட நல்ல கேள்வியை எவரும் கேட்டதில்லை.

அவருடைய ஒரே மகள் லக்சிகா அந்த ஊரில்தான் இருக்கிறாள். தானே ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து, பதிவுத் திருமணத்தையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சொன்னாள். இனி இந்த வீட்டில் அவள் பேர் கேட்கக்கூடாது என்று அன்றைக்கே அவர் மனைவி இரஞ்சிதம் சொல்லிவிட்டாள். போன வருடம் மகளைப் பார்க்கச் சிறிதரன் தனியாகத்தான் போய் வந்தார்.

தடை மகளின் பேருக்குத்தான். ஊரின் பேருக்கு இல்லை.

மனைவியை எப்படியாவது விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். அதற்காக வருகிறவர் போகிறவரிடமெல்லாம், குசினியில் நிற்கிற அவளுக்குக் கேட்கிற குரலில், மில்வாக்கியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

“அலை அடிக்குது. கப்பல் போகுது. அக்கரை தெரியாது. கையாலை அள்ளிக் குடிச்சுப் பாத்தன், ஒரு சொட்டு உப்பில்லை. கடல் முழுக்க நல்ல தண்ணி, தம்பி. யாழ்ப்பாணத்துக்கு ஒரு குழாய் பூட்டினால் ஆயிரம் வருசத்துக்குக் காணும்.”

குசினியில் கோப்பை கழுவும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அங்கத்தைய புதுச் சீஸ் கட்டி பல்லுக்குள் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். பொரித்த கட்டியைக் கடித்து இழுத்தால் மேசையிலிருந்து வாசல் வரைக்கும் நூல் போகும். முட்டை மஞ்சள்கரு போட்ட ஐஸ்கிரீம் ஒன்று இருக்கிறது. அதைத் தின்ற பிறகுதான் தன் சீனி வருத்தமே குறைந்தது என்று சத்தியம் செய்தார். வெள்ளிக்கிழமை என்றால் ஊரே பொரித்த மீனுக்கு வரிசையில் நிற்கும்.

“வெள்ளிக்கிழமையிலை மச்சமோ? நீங்களும் சாப்பிட்டனீங்களோ அங்கிள்?” என்றாள் கிரிஜா.

“சாப்பிட்டனான். அங்கை வெள்ளி பின்னேரம், இஞ்சை சனி விடிஞ்சிட்டுது. நான் இஞ்சத்தைய முருகனைத்தானே கும்பிடுறனான்.”

சிரித்த சிரிப்பில் அருந்தவனின் தேத்தண்ணி சட்டையில் சிந்தியது.

குசினியில் குழாய் நின்றது.

சிறிதரன் அதைக் கவனித்தார். கைவசம் இருந்த கதைகளில் பெரியதை எடுத்துவிட்டார்.

தண்ணீர் ஓரத்தில் வெள்ளைவெளேரென்று ஓர் ஓவியக் காட்சிக்கூடம். அதன் கூரையில் விமானத்தின் செட்டைகளை விடப் பெரிய இரண்டு செட்டைகள். காலையில் விரியும், பின்னேரம் மடியும். அதிலும் புயல் அடிக்கிற நாளில் பார்க்க வேண்டும். முழுதாய் விரித்துப் படபடவென்று அடிக்க, கட்டிடமே நிலத்தை விட்டு ஒரு சாண் கிளம்பும். தன் இரண்டு கண்ணாலும் கண்டதாகச் சொன்னார்.

இரஞ்சிதம் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து கதவடியில் நின்றாள்.

“பிள்ளையள், இந்த மனுசன்ரை கதையைக் கேட்டுப் போய் ஏமாறாதையுங்கோ. காத்துக் கூடினால் செட்டையை விரிக்கமாட்டினம். போன கிழமையும் லக்சிகா என்ரை பேரனைத் தூக்கிக்கொண்டு போய், நிண்டு நிண்டு பாத்திட்டுச் சும்மா திரும்பி வந்தவள்.”

சிறிதரனின் வாய் திறந்தபடியே இருந்தது. பேரன் பிறந்த செய்தியை இவளிடம் எப்படிப் போட்டு உடைப்பது என்று அவர் மாதக்கணக்காக நித்திரை இல்லாமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

அவள் வெறும் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

“ஜூனிலைதான் காத்து அடங்குமாம். நான் அதுக்குத்தான் டிக்கெட் போட்டு வைச்சிருக்கிறன். இவரையும் கூட்டிக்கொண்டு போறதோ எண்டுதான் யோசிக்கிறன்.”