ஏழு சீட் வண்டி

"கனகா வர வேண்டாம்" என்றாள் அற்புதராணி.

ஜான் பீட்டர் விரித்து வைத்திருந்த மேப்பிலிருந்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். கனகா அந்த வீட்டு வேலைக்காரப் பெண். அடுக்களையில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

இரண்டு வாரமாக வீட்டில் இந்தப் பயணப் பேச்சுதான். பாடப் புத்தகத்தில் இலையுதிர்காலம் வந்த நாளிலிருந்து மகள் எப்சிபா விடவில்லை. மஸ்கட்டில் பிறந்து, அங்கேயே ரூவி ஃபிளாட்டில் வளர்ந்த பிள்ளை. பேரீச்சை மரத்துக்கு எந்த இலை உதிர்கிறது? ஜபல் அக்தர் மலைமேல் மாதுளையும் அக்ரூட்டும் நவம்பரில் மஞ்சளாகிக் கொட்டும் என்று கேள்விப்பட்டு, ஜான் பீட்டர் கிளம்ப முடிவு செய்துவிட்டான். சாதாரண காரை மலையடிவார செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட வேலை பார்க்கும் ஹபீப் முகம்மது தன்னுடைய ஃபோர் வீல் வண்டியைத் தருவதாகச் சொன்னார். வியாழன் காலை புறப்பட்டு, மேலே ஒரு ராத்திரி தங்கி, வெள்ளி சாயங்காலம் திரும்புவது என்று ஏற்பாடு.

"ஏழு சீட் வண்டி. நாம நாலு பேர்தான்" என்றான் ஜான் பீட்டர்.

"இருக்கட்டும்."

சின்னவன் பெபினுக்குக் கனகா ஊட்டினால்தான் சோறு இறங்கும் என்று சொல்லிப் பார்த்தான். இரண்டு நாள் நானே ஊட்டிக்கொள்கிறேன் என்றாள். அந்தப் பெண் இந்த ஊருக்கு வந்து எதைத்தான் பார்த்தது என்று கேட்டான். அதற்கு அற்புதராணி சொன்ன பதில் அவனைச் சுட்டது.

"அவ வேலைக்கு வந்தவ. சுத்திப் பாக்க வந்தவ இல்ல."

ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத நோயாளிக்கெல்லாம் விடிய விடியக் கண்விழிக்கிற நர்ஸ் பேசுகிற பேச்சா இது? பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் இவளைத் தெரியாமல் போய்விட்டதே என்றிருந்தது அவனுக்கு.

அந்த வாரம் முழுக்க இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. எப்சிபா அழுது பார்த்தாள். கனகா அக்கா வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று சாப்பிடாமல் படுத்தாள். அற்புதராணி அசையவில்லை. வியாழன் காலை பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, கனகா கதவோரம் நின்று பிள்ளைகளுக்குக் கையாட்டினாள். ஜான் பீட்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மலை ரோடு செங்குத்தாக ஏறியது. முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டே போனது.

மேலே போனதும் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்தார்கள். படிப்படியான வயல்களில் மாதுளைச் செடிகள் மஞ்சள் பிடித்து நின்றன. அக்ரூட் மரத்தடியில் கணுக்கால் புதையச் சருகு. எப்சிபா இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தம்பி தலையில் கொட்டினாள். நல்ல இலைகளாகப் பொறுக்கித் தனியாக வைத்தாள். யாருக்கென்று கேட்டதற்கு, கனகா அக்காவுக்கு என்றாள்.

ஜான் பீட்டருக்குப் பொறுக்கவில்லை. மனைவியின் பக்கத்தில் போய் நின்றான்.

"சாயங்காலமே இறங்கிடலாம். ஒரு பொண்ணைத் தனியா பூட்டிப் போட்டுட்டு ராத்திரி இங்க தங்க எனக்கு மனசு வரல."

"இன்னைக்குப் போகக் கூடாது."

"நீ தங்கு. நான் பிள்ளைகளைக் கூட்டிட்டுக் கிளம்புறேன்."

சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான். எப்சிபாவைக் கூப்பிட வாயெடுத்தபோது அற்புதராணி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். பிள்ளைகள் தள்ளித்தான் இருந்தார்கள். இருந்தாலும் குரலைத் தாழ்த்தினாள்.

"அவ தனியா இல்ல. முனியசாமி வந்திருக்காரு."

கனகாவின் புருஷன் முனியசாமி தொலைவிலுள்ள சொஹார் ஊரில் கட்டட வேலை பார்க்கிறான் என்பது ஜான் பீட்டருக்கும் தெரியும். அதற்கு மேல் அவன் யோசித்ததில்லை.

"ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் ஒரே நாட்டுலதான் இருக்காங்க" என்றாள் அற்புதராணி. "அவரு தங்கியிருக்கிற லேபர் கேம்ப்ல பொம்பளைய விடமாட்டாங்க. இவ நம்ம பிள்ளைக ரூம்ல படுக்கிறவ. மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டு எந்திரிச்சுப் போறாங்க. ஒரு நாளாவது அவங்க ஒரு வீட்டுக்குள்ள இருக்கட்டுமேன்னு நான்தான் அவரை லீவு போட்டு வரச் சொன்னேன்."

ஜான் பீட்டர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"நல்ல காரியம்தானே, ராணி. இத்தனை நாளா உன்னை நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அற்புதராணி அவனை நேராகப் பார்த்தாள்.

"போன கிறிஸ்மஸுக்கு அவரு கேக் வாங்கிட்டு நம்ம வாசல்ல வந்து நின்னாரே. 'கேம்ப் ஆளுகளை உள்ள விடாத, பொம்பளப் பிள்ள இருக்கிற வீடு'ன்னு உள்ள இருந்து சொன்னீங்க. அது அவரு காதுலயும் விழுந்துது."